மூன்று புள்ளி எடுத்த பாட்டு

2025 மே 17, சனிக்கிழமை இரவு. சரியாகச் சொன்னால் 18ஆம் திகதி பிறந்து அரை மணித்தியாலம். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இரவு 9 மணிக்குத் தொடங்குகிற நிகழ்ச்சி யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர 12.30 ஆகிவிடும். நாங்கள் நாலுபேர், ஒரு மடிக்கணினி, ஒரு பக்கற் மிக்சர், பிளாஸ்க் நிறையப் பிளேன்ரீ. எங்களில் ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் இருந்து யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விடிய 6 மணிக்கு முள்ளிவாய்க்காலுக்குப் போகிற வான் சந்தியில் வந்து நிற்கும். அதிலும் நாங்கள் ஏறவேண்டும்.

"நாளைக்கு என்ன நாள் எண்டு தெரியுமே உங்களுக்கு?" அறைக்குள் இருந்து அம்மா கேட்டா. அவ எங்கள் நாலுபேருக்கும் அம்மாதான்.

"தெரியும் அம்மா."

"தெரிஞ்சுகொண்டோ இந்த ஆட்டமும் பாட்டும்?"

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. சத்தத்தைக் குறைத்தோம். அன்றிரவு அம்மாவுக்குச் சொல்ல வராத பதிலைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறோம்.

யூரோவிஷனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 1956இல் ஏழு நாடுகளோடு தொடங்கிய போட்டி இது. ஒவ்வொரு நாட்டின் ஒளிபரப்பு நிறுவனமும் ஒரு புதுப் பாட்டை அனுப்பும். பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது. எல்லாரும் பாடி முடிய ஒவ்வொரு நாட்டு நடுவர்களும் பார்வையாளர்களும் புள்ளி போடுவார்கள். ஆகக்கூடியது 12. சொந்த நாட்டுக்குப் போட முடியாது. 2023இலிருந்து போட்டியில் இல்லாத நாட்டுக்காரரும் இணையத்தில் வாக்களிக்கலாம். உலகத்தின் மிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு நாடு மாதிரி. அந்த மிச்சத்துக்குள்ளே நாங்களும் வருகிறோம்.

எங்கள் நாலுபேரில் மூன்றுபேர் போர்த்துக்கல்லின் பக்கம். நாலாமவன் எதிர்க்கட்சி. அவன் மட்டும் கீழே பாயில் இருக்காமல் கதிரையில் ஏறி இருந்துகொண்டு கேட்டான்:

"நல்லூரை இடிச்சவைக்கோ வோட்டுப் போடப்போறியள்?"

பகிடியாகத்தான் கேட்டான். ஆனால் விசயம் பகிடி இல்லை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். கடைசி அரசன் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து துரத்தும்வரை 39 வருசம் இங்கே இருந்தார்கள்.

"அப்ப நீ இருக்கிற கதிரையால எழும்பு," என்று வீட்டுக்காரி சொன்னா. "அதுவும் அவையின்ரதான்."

உண்மைதான். கதிரை போர்த்துக்கேயச் சொல். மேசையும் அப்படி. அலுமாரி, சாவி, வாங்கு, துவாய், சப்பாத்து, காலமை சம்பலோடு சாப்பிடுகிற பாண், எல்லாம் அவர்கள் விட்டுவிட்டுப் போனவை. கோட்டையும் துவக்கும் காலாவதியாகிவிட, சாமான்களின் பேர் மட்டும் எங்கள் வாயில் தங்கிவிட்டது. மட்டக்களப்பில் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் அந்த மொழியின் ஒரு வடிவத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள். வேறெந்த ஐரோப்பிய நாட்டுப் பாட்டைக் கேட்டாலும் அது முழுக்க அந்நியமாய்த்தான் கிடக்கும். போர்த்துக்கேயப் பாட்டுக்குள்ளே மட்டும் திடீரென்று எங்கள் வீட்டுத் தளபாடம் ஒன்று தட்டுப்படும்.

ஆனால் நாங்கள் அந்த நாட்டின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் சொற்கள் மட்டும் இல்லை. யூரோவிஷனில் போர்த்துக்கல் மாதிரித் தோற்ற நாடு குறைவு. அந்தத் தோல்விகளைத் தேடி வாசிக்கப்போய்த்தான் நாங்கள் மாட்டுப்பட்டோம்.

*

போர்த்துக்கல் முதன்முதலில் மேடையேறியது 1964இல், கோப்பன்ஹேகனில். அன்டோனியோ கல்வாரியோ என்பவர் 'பிரார்த்தனை' என்ற பாட்டைப் பாடினார். கிடைத்த புள்ளி பூச்சியம். அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. இரண்டு பாட்டுகளுக்கு இடையில் ஒரு ஆள் பதாகையோடு மேடைக்கு ஓடிவந்தார். பிராங்கோவையும் சலசாரையும் புறக்கணியுங்கள் என்பதுதான் பதாகையில் இருந்தது. பிராங்கோ ஸ்பெயினின் சர்வாதிகாரி. சலசார் போர்த்துக்கல்லின் சர்வாதிகாரி. அந்த ஆளைச் சில விநாடிகளில் அப்புறப்படுத்தினார்கள். அந்தப் போட்டியின் முழு ஒளிப்பதிவும் இன்றைக்கு இல்லை.

போர்த்துக்கல் அப்போது எப்படி இருந்தது என்றால், 1926இலிருந்து தேர்தல் என்ற பேரில் நாடகம். பத்திரிகைக்கும் பாட்டுக்கும் தணிக்கை. இரகசியப் பொலிஸ். 1961இலிருந்து அங்கோலா, பிறகு கினி-பிசாவ், மொசாம்பிக் என்று ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் யுத்தம். பள்ளிக்கூடம் முடித்த பெடியன்கள் துவக்கோடு கப்பலேற வேண்டும். கப்பலேற விரும்பாதவர்கள் களவாக எல்லை கடந்து பிரான்சுக்கு ஓடினார்கள். இந்த இடத்தை வாசிக்கும்போது எங்களுக்குப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை.

அப்படியான நாட்டிலிருந்து அநேகமாக வருசாவருசம் பாட்டு மட்டும் போனது. 1967இல் அங்கோலாவில் பிறந்த எடுவார்டோ நசிமென்டோ 'காற்று மாறிவிட்டது' என்று பாடினார். அங்கோலாவில் அப்போது ஆறு வருசமாக யுத்தம். 12ஆம் இடம். 1969இல் சிமோன் த ஒலிவேரா பாடிய பாட்டில், ஒரு பெண்ணின் உடல் இன்பத்தை வெளிப்படையாகச் சொன்ன ஒரு வரி இருந்தது. உள்ளூரில் பெரிய புயல். போட்டி நடந்த மட்ரிட்டில் 4 புள்ளிதான் கிடைத்தது, 16 நாடுகளில் 15ஆம் இடம். ஆனால் அவ ரயிலில் லிஸ்பனுக்குத் திரும்பி வந்தபோது சன்ட அப்பொலோனியா நிலையத்தில் பெருங்கூட்டம் காத்திருந்தது. அந்தப் பாட்டை எழுதிய கவிஞர் அரி டோஸ் சன்டோஸ் 1973இல் 'மாட்டுச்சண்டை' என்று இன்னொன்று எழுதினார். மேலோட்டமாகப் பார்த்தால் மாட்டுச்சண்டைதான். உள்ளே இருந்தது ஆட்சியாளர்களைப் பற்றிய நக்கல். தணிக்கைக்காரரின் கண்ணுக்குத் தப்பி, நாட்டின் பேரிலேயே லக்சம்பேர்க் மேடைக்குப் போய்விட்டது.

பிறகு 1974.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம், ஏப்ரல் 6. சுவீடனிலிருந்து அபா குழு வந்து 'வாட்டர்லூ' பாடி வென்ற இரவு. அந்த வெற்றியை உலகம் முழுக்கத் தெரியும். அதே மேடையில் போர்த்துக்கல்லின் பவுலோ த கர்வால்யோவும் பாடினார். பாட்டின் பேர் 'விடைபெற்ற பிறகு'. காதல் முறிந்துபோன ஒருவனின் புலம்பல். அரசியலும் இல்லை, ஆட்டமும் இல்லை. 3 புள்ளி. வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம்.

18 நாள் கழிய, ஏப்ரல் 24ஆம் திகதி இரவு 10.55க்கு லிஸ்பனில் ஒரு வானொலி நிலையம் அந்தப் பாட்டைப் போட்டது.

அது ஒரு சமிக்ஞை. ஆபிரிக்க யுத்தத்தில் களைத்துப்போன இளம் இராணுவ அதிகாரிகள், பெரும்பாலும் கப்டன்மார், ஆட்சியைக் கவிழ்க்க இரகசியமாக ஒழுங்குசெய்திருந்தார்கள். கைத்தொலைபேசி இல்லாத காலம். முகாம்களுக்கு ஒரே நேரத்தில் 'ஆயத்தமாகு' என்று சொல்ல வானொலிதான் வழி. அதற்கு யாருக்கும் சந்தேகம் வராத பாட்டு ஒன்று வேண்டும். அந்த வருசம் போட்டிக்குப் போய்த் தோற்றுவந்த காதல் பாட்டைவிடப் பாதுகாப்பானது எது? அதை வானொலியில் கேட்டு ஒரு தணிக்கைக்காரரும் நிமிர்ந்து உட்காரமாட்டார். நடுச்சாமம் தாண்டி 12.20க்கு இன்னொரு வானொலியில் இரண்டாவது பாட்டு போனது. சேக்கா அபொன்சோ பாடிய 'கிராண்டோலா, விலா மொரேனா'. அதன் அர்த்தம் 'புறப்படு'.

ஏப்ரல் 25 பின்னேரம் பிரதமர் மர்செலோ கயெட்டானோ சரணடைந்தார். 48 வருசச் சர்வாதிகாரம் ஒரு நாளில் முடிந்தது. செலஸ்ட் கயெய்ரோ என்ற உணவகத் தொழிலாளி தன் கையில் இருந்த காணேசன் பூக்களைச் சிப்பாய்களுக்குக் கொடுக்க, அவர்கள் அதைத் துவக்குக் குழாயில் சொருகினார்கள். காணேசன் புரட்சி என்ற பேர் அப்படித்தான் வந்தது. இரத்தம் சிந்தாத புரட்சி என்று எழுதுவார்கள். அது முழு உண்மை இல்லை. அன்றைக்கு இரகசியப் பொலிஸ் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நாலுபேர் செத்தார்கள்.

பாட்டு எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 1975இல் அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலை பெற்றன. பிறகு இரண்டிலும் நீண்ட உள்நாட்டு யுத்தம். கிழக்குத் தீமோரைப் போர்த்துக்கல் கைவிட, இந்தோனேசியா உள்ளே புகுந்தது. கப்டன்மார் இல்லாமல் ஒரு பாட்டு ஆட்சியைக் கவிழ்த்திருக்காது. எங்களைப் பிடித்து உலுப்பியது வேறு விசயம். பிரைட்டனில் நடுவர்கள் போட்ட 3 புள்ளியில் பிழை ஒன்றும் இல்லை. அன்றிரவு அவர்கள் கேட்டதற்கு அவ்வளவுதான் பெறுமதி என்று நினைத்தார்கள். அந்தப் பாட்டுக்கு இன்னொரு வேலை காத்திருந்தது என்று நடுவர்களுக்கும் தெரியாது, எழுதியவர்களுக்கும் தெரியாது.

அடுத்த வருசம் போர்த்துக்கல் அனுப்பிய பாடகர் டுவார்ட் மென்டிஸ், அந்தக் கப்டன்மாரின் இயக்கத்தைச் சேர்ந்த ஒரு கப்டன். பாட்டு 'விடியற்காலை'. விடிவைப் பற்றிப் பாடிய அந்தப் பாட்டுக்கு 19 நாடுகளில் 16ஆம் இடம்.

*

எங்களிடமும் ஒரு கடைசி இடம் இருக்கிறது.

மூன்று வருசத்துக்கு முதல் நாங்கள் நாலுபேரும் இன்னும் இரண்டுபேருமாய் ஒரு குழுப்பாட்டுப் போட்டிக்குப் போனோம். பாட்டை எழுதினது வீட்டுக்காரி. அவளுடைய அம்மா வலிகாமம் வடக்கு. 1990 ஆனியில் 14 வயதில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவ. அந்த வீட்டுக் கிணற்றின் தண்ணி எவ்வளவு ருசி என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. வளவு இன்றைக்கும் முட்கம்பிக்கு அந்தப் பக்கம். எங்களில் ஒருவரும் அந்தக் கிணற்றைக் கண்டதில்லை. காணாத கிணற்றைப் பற்றித்தான் பாட்டு.

அம்மா கதைக்கிற மாதிரியே எழுதியிருந்தாள். 'எண்டு' வரும், 'போட்டினம்' வரும், 'கிணத்தடி' வரும். பாடி முடிய நடுவர் ஒருவர் ஒலிவாங்கியை எடுத்தார். குரல் நல்லம், தாளம் நல்லம், ஆனால் மொழி சரியில்லை என்றார். "'எண்டு' எண்டு பாட ஏலாது பிள்ளையள். 'என்று' எண்டு பாடோணும்." அவர் 'எண்டு' என்று சொல்லித்தான் 'எண்டு' சொல்லக்கூடாது என்றார். சபை சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஐந்து குழுவில் ஐந்தாவது.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நாங்கள் பாடவில்லை. ஒருவரும் தடைசெய்யவில்லை. நாங்களாகவே விட்டுவிட்டோம். இந்தியத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் எங்கடை பிள்ளைகள் போய்ப் பாடும்போது பெருமையாக இருக்கும். ஆனால் அவர்களின் வாயில் ஊர்க்கதை மெல்ல மெல்ல மாறுவதையும் பார்த்திருக்கிறோம். வெல்ல வேண்டுமென்றால் இப்படித்தான் கதைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. தானாகவே படிந்துவிட்டது.

போர்த்துக்கல்லுக்கும் அந்தச் சோதனை வந்தது. 1999இலிருந்து எந்த மொழியிலும் பாடலாம் என்று யூரோவிஷன் விதியை மாற்ற, ஒவ்வொரு நாடாக ஆங்கிலத்துக்குத் தாவின. போர்த்துக்கல் சில வருசம் பாதிப்பாதி கலந்து பார்த்தது. மற்றப் பல வருசம் தன் மொழியிலேயே போய்த் தன் மொழியிலேயே தோற்றது. 2011இல் நாடு கடனில் மூழ்கி, படித்த இளைஞர்கள் வேலையில்லாமல் தெருவுக்கு வந்த நேரம். 1974இன் போராட்டக்காரர் மாதிரி வேடம் போட்ட ஒரு நகைச்சுவைக் குழுவை மக்கள் வாக்குப் போட்டுத் தெரிந்து அனுப்பினார்கள். ஒரு கிழமை கழிய மார்ச் 12இல் அந்தத் தலைமுறை பேரணியாய்த் தெருக்களை நிறைத்தது. பாட்டோ அரையிறுதியையே தாண்டவில்லை. 2013இல் காசில்லாமல் போட்டிக்கே போகவில்லை.

2017, கீவ் நகரம். சல்வடோர் சோப்ரல் என்ற ஒல்லியான இளைஞன், அளவில்லாத கறுப்புக் கோட்டு, நடனக்காரர் இல்லை, நெருப்பு வாணம் இல்லை. சனத்துக்கு நடுவே ஒரு சின்ன வட்ட மேடையில் நின்று, அக்கா லூயிசா எழுதிக்கொடுத்த 'இருவருக்குமாய் நேசித்தல்' என்ற பாட்டைப் போர்த்துக்கேய மொழியில் பாடினான். உள்ளூர்த் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் 2009இல் ஏழாம் இடத்தோடு வெளியேறியவன். இருதயம் பழுதாகி இருந்ததால் ஒத்திகையில் அவனுக்குப் பதிலாக அக்காதான் நின்று பாடினா. நடுவர்களும் முதலிடம், மக்களும் முதலிடம். 758 புள்ளி. அதுவரை யாரும் எடுக்காத தொகை. 1964இன் பூச்சியத்திலிருந்து அங்கே வர 53 வருசம் பிடித்தது. பரிசு வாங்கியபின் அக்காவையும் மேடைக்குக் கூப்பிட்டு இரண்டுபேரும் சேர்ந்து திரும்பப் பாடினார்கள். அந்த டிசம்பரில் அவனுக்கு இருதய மாற்றுச் சிகிச்சை நடந்தது.

அந்தக் கிழமை அவன் செய்தியாளர் சந்திப்புக்கு அகதிகளைக் காப்பாற்றச் சொல்லும் வாசகம் எழுதிய மேற்சட்டையோடு வந்தான். இது அரசியல், இனிப் போடக்கூடாது என்று அமைப்பாளர்கள் தடுத்தார்கள்.

வென்ற நாடு அடுத்த வருசம் போட்டியை நடத்த வேண்டும். 2018இல் லிஸ்பனில் நடந்தது. வீட்டுக்கார நாட்டுக்கு 26இல் 26ஆம் இடம். இதை வாசித்தபோது நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். வெற்றி அவர்களைக் கெடுத்துவிடவில்லை போல.

*

இப்போது பாசலுக்கு வருவோம். 2025இல் போர்த்துக்கல் அனுப்பியது நாப்பா என்ற குழுவை. மடெய்ரா தீவுப் பெடியன்கள். பாட்டின் பேர் 'தெஷ்லொகாடு'. இடம்பெயர்ந்தவன். தீவிலிருந்து லிஸ்பனுக்குப் படிக்கப்போய் ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிற ஒருவனின் பாட்டு.

பேரைக் கேட்டதும் கதிரைக்காரன் சிரித்தான். "உது என்ன இடம்பெயர்வு? பிளேனில ஏறிக் கம்பசுக்குப் போறதோ? எங்கட அம்மாவைக் கேட்டால் இடம்பெயர்வு எண்டால் என்னெண்டு சொல்லுவா."

நியாயம்தான். செல்லடிக்கு ஓடுவதும் படிக்கப் போவதும் ஒன்றில்லை. ஒரே சொல் இரண்டுக்கும் வந்தால் எங்களுக்குச் சுள்ளென்று குத்தத்தான் செய்கிறது. ஆனால் அடுத்தவள் கேட்டாள்: "அப்ப எங்கட அண்ணா?" அவளுடைய அண்ணா கட்டாரில் ஏழு வருசம். செல்லடிக்கு ஓடவில்லை, விமானத்தில்தான் ஏறினான். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ அழைப்பில் வந்து முற்றத்து மாமரத்தைக் காட்டச் சொல்லுவான். அதற்கு என்ன பேர் வைப்பது? கதிரைக்காரன் பேசவில்லை.

பாட்டு தொடங்கியது. ஐந்து பெடியன்கள், சாதாரண உடுப்பு, கிற்றார். மொழி ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் அந்தப் பாட்டில் ஒரு அம்மா வருவா. அம்மாவோடு சேர்ந்து ஒரு சொல் வந்து விழுந்தது: 'ஜனேலா'.

"யன்னல்!" நாலுபேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கதிரைக்காரனும்தான்.

400 வருசத்துக்கு முதல் வாளோடு வந்த ஒரு மொழி. அதிலிருந்து எங்களிடம் தங்கின ஒரு சொல். அதே சொல் இப்போது வீட்டுக்குப் போக ஏங்குகிற ஒருவனின் வாயிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டு யன்னலும் அவனுடைய அம்மாவின் யன்னலும் ஒன்றுதான். இதனால் நல்லூர் இடித்தது இல்லையென்று ஆகாது. ஆனால் அந்த மூன்று நிமிடம் எங்களுக்கு அந்தப் பெடியனில் கோபம் வரவில்லை.

வாக்களிக்கப் போனோம். கதிரைக்காரனின் வங்கி அட்டைதான் இருந்தது. ஆச்சரியம், அவன் தானாகவே எடுத்துத் தந்தான். வெளிநாட்டுக் கொடுப்பனவு ஏற்கப்படவில்லை என்று மூன்று தரம் வந்தது. நாலாம் தரம் இரகசிய இலக்கம் வந்துசேர, வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. உலகத்தின் மிச்சமாக இருப்பதும் லேசான காரியம் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த இரவு நாங்கள் முழுச் சந்தோசத்தோடு பார்க்கவில்லை. காசாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இஸ்ரேலும் அந்த மேடையில் பாடியது. யுக்ரேன் மீது படையெடுத்ததற்காக 2022இல் ரஷ்யாவை வெளியே விட்டவர்கள், இப்போது இது அரசியல் மேடை இல்லை என்றார்கள். இஸ்ரேலை விலக்கச் சொல்லி 70க்கும் மேற்பட்ட முன்னாள் போட்டியாளர்கள் அந்த மாதம் கடிதம் எழுதியிருந்தார்கள். கையெழுத்து வைத்தவர்களில் சோப்ரலும் ஒருவர். இதைப் பார்க்கத்தான் வேண்டுமா என்று எங்களுக்குள் ஒரு கிழமையாக வாக்குவாதம். பார்த்தது சரி என்று இன்றைக்கும் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உலகம் ஒரு பக்கம் பாட்டுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருக்க இன்னொரு பக்கம் சனம் சாவது எப்படி இருக்கும் என்று மே 18ஆம் திகதி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இறுதியில் ஒஸ்ரியா முதலிடம். இஸ்ரேல் இரண்டாமிடம், மக்கள் வாக்கில் முதலிடம். நாப்பா 26இல் 21ஆம் இடம்.

மடிக்கணினியை மூடும்போது நேரம் 4.20. ஒருவரும் படுக்கவில்லை. முகம் கழுவிவிட்டு இருந்தோம். அம்மா எழும்பி வந்து தேத்தண்ணி வைத்தா. யார் வென்றது என்று கேட்கவில்லை.

*

முள்ளிவாய்க்காலைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. வெயில். மணல். படங்களை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்ற அம்மாமார். சிரட்டையில் கஞ்சி. அங்கே போன எல்லாருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது வானுக்குள் கதை இல்லை. புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன். நாங்கள் நித்திரையும் இல்லாமல் முழிப்பும் இல்லாமல் ஒருவர் தோளில் ஒருவர் சரிந்து கிடந்தோம். ஆனையிறவு தாண்ட, முன் சீற்றில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தா.

"பிள்ளையள், அந்தக் கிணத்துப் பாட்டு. அதை ஒருக்காப் பாடுங்கோவன்."

அம்மா அந்தப் பாட்டை ஞாபகம் வைத்திருக்கிறா என்பதே எங்களுக்குத் தெரியாது. போட்டிக்கு அவ வரவில்லை. வீட்டில் பழகும்போது குசினிக்குள் நின்று கேட்டிருக்க வேண்டும். கடைசி இடம் வந்த கதையை நாங்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னபோதும் அவ ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வரிக்குப் பிறகு எங்களுக்கு மறந்துபோய்விட்டது. கதிரைக்காரன்தான் எடுத்துக்கொடுத்தான். இரண்டாம் வரியில் பின்சீற்றில் இருந்த ஒரு வயதான அம்மாவும் தாளம் போடத் தொடங்கினா. அவவுக்கும் எங்கேயோ ஒரு கிணறு இருந்திருக்கும். எங்கள் அம்மா யன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டு, வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டா.

இந்தமுறை 'எண்டு' எண்டுதான் பாடினம்.